'டெய்லி போடுறேன் சிஸ்டர்' என்பவருக்கு பிரஷர் 160/100: மாத்திரை உள்ளே போகிறதா எனப் பார்ப்பது எப்படி?

தாராவி நர்ஸ்:
டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்ற பிரஷர் மாத்திரை இரண்டும் கொடுத்து மூணு மாசம் ஆகியும் சிலருக்கு 160/100ஐ விட்டு இறங்கவில்லை. கேட்டால் எல்லாரும் "டெய்லி போடுறேன் சிஸ்டர்" என்கிறார்கள். மூன்றாவது மாத்திரை எழுதுவதற்கு முன்னால் இதை உறுதி செய்யச் சொல்கிறார் டாக்டர். காலி அட்டையைக் கொண்டுவரச் சொன்னால் போதுமா?

சயான் ஃபார்மஸிஸ்ட்:
காலி அட்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பதும் வேண்டும். 30 மாத்திரை கொடுத்து 25 நாள் கழித்து வருகிறார் என்றால் கையில் 5 இருக்கணும். 11 இருந்தால் போட்டது 19, அதாவது 76 சதவீதம். 80க்குக் கீழே போனால் ஒழுங்காகப் போடவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். எண்ணப் போவது தெரிந்தால் மிச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள், அதனால் முன்கூட்டிச் சொல்லாதீங்க. மாத்திரை சீக்கிரம் தீர்ந்து போனாலும் விசாரிக்கணும். வீட்டில் இன்னொருவரும் அதே அட்டையில் கிள்ளிக்கொண்டிருக்கலாம்.

அட்டையைக் கையில் வாங்கிப் பெயரைப் பாருங்க. கடைக்காரர் வேறு பிராண்ட் கொடுத்திருப்பார். பழையதும் புதியதும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போடுபவர்கள் உண்டு. 10 அட்டையும் 15 அட்டையும் கலந்து கொடுத்திருந்தால் உங்கள் கணக்கே தப்பும்.

இன்னொன்று, டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் கெட்டுவிடும், மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அட்டையோடு கத்தரித்துத்தான் டப்பாவில் வைக்கணும்.

மாட்டுங்கா டாக்டர்:
"ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா"தான் வரும். "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும், போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள்?" என்று கேளுங்க. பதில் வந்ததும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த மாசம் பொய்தான் வரும். ஏன் என்று கேட்டால் கால் வீக்கம் (அம்லோடிபினால் வருவது), காசு, "தலைசுத்தல் நின்னுடுச்சு" இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் அளவையே சரி பாருங்க: ஐந்து நிமிஷம் உட்கார வைத்தீர்களா, பருமனான கைக்குப் பெரிய பட்டை கட்டினீர்களா? சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் தினமும் போட்டாலும் பிரஷர் இறங்காது.

தாராவி நர்ஸ்:
நன்றி சார். எங்கள் முன்னால் மாத்திரை போட வைத்துப் பார்க்கலாமா?

மாட்டுங்கா டாக்டர்:
பார்க்கலாம், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வீட்டில் எதையுமே போடாமல் இருந்தவருக்கு மூணு நாலு மாத்திரையை ஒரே நேரத்தில் கொடுத்தால் பிரஷர் சட்டென விழுந்து மயங்கிவிடுவார். டாக்டர் இருக்கும் நாளில் காலையிலேயே கொடுத்து, சில மணி நேரம் உட்கார வைத்து, நின்ற நிலையிலும் அளந்துவிட்டுத்தான் அனுப்பணும். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்க்கலாம், ஆனால் தெருமுனை லேபில் கிடையாது. அம்லோடிபின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். கிளினிக் வரும் வாரத்தில் மட்டும் போட்டவரும் அதில் பாஸாகிவிடுவார்.

நாடித் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் அல்லது அட்டெனோலால் போடுபவர் என்றால் நாடி பிடிங்க. ஓய்வில் 90க்கு மேல் இருந்தால் சந்தேகம்தான். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் அப்படி ஓடும்.

சயான் ஃபார்மஸிஸ்ட்:
மூன்றாவதாகக் குளோர்தாலிடோன் எழுதினால் வேலை நேரத்தையும் கேளுங்க சிஸ்டர். அது ஒன்றுக்குப் போக வைக்கும், லோக்கல் ரயிலில் கழிவறை இல்லை, காலையில் கல்யாணிலிருந்து வருபவர் அதை மட்டும் விட்டுவிடுவார். வேலைக்கு வந்து சேர்ந்தபின் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்க. ராத்திரிக்கு மாற்றினால் தூக்கம் கெடும். மே மாதம் திருநெல்வேலி பக்கம் போகிறவர்களுக்கு ஊரில் இருக்கும் நாளையும் எண்ணிச் சேர்த்துக் கொடுங்க, சீட்டில் பிராண்டோடு மருந்தின் பெயரையும் எழுதிவிடுங்க.