தாமரையும் அல்லியும் சொந்தமே இல்லையா? டிஎன்ஏ சொல்றத எவ்வளவு நம்பலாம்?

வேர்தேடி:
பூக்கும் தாவரங்கள்ல யாருக்கு யார் சொந்தம்னு கண்டுபிடிக்க பூவைப் பிரிச்சு மகரந்தத்தாள் எண்ணின காலம் முடிஞ்சுது, டிஎன்ஏ வரிசை போதும்ங்கறது என் கருத்து. தாமரையையும் அல்லியையும் ரொம்ப நாள் ஒரே குடும்பமா வச்சிருந்தாங்க, ரெண்டும் தண்ணிச்செடி, வட்ட இலை, பெரிய பூ. வரிசையை ஒப்பிட்டா தாமரைக்கு நெருங்கின சொந்தம் பிளேன்ங்கற நிழல் மரமும் மக்காடமியாங்கற கொட்டை மரமும்! அல்லி எப்பவோ அடியிலயே பிரிஞ்ச கிளை. கண்ணால பாத்து யார் இதைச் சொல்லியிருப்பாங்க?

பழையஏடு:
பாதி சொல்லியிருக்காங்க நண்பரே. தாமரை மகரந்தத்துல மூணு பள்ளம் இருக்கு, அல்லில கிடையாது, அதை வச்சே ரெண்டையும் பிரிச்சவங்க டிஎன்ஏவுக்கு முன்னாடியே உண்டு. பப்பாளியும் கடுகும் ஒரே ஆர்டர்ங்கறதும் (பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு) அப்படித்தான், கடுகோட காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட்ங்கற வேதிப்பொருள் பப்பாளிலயும் இருக்கு.

வேர்தேடி:
சரி, ஆனா பிளேன் மரத்தை யாரும் நினைக்கலயே. 1993ல ஆர்பிசிஎல்ங்கற ஒரே குளோரோபிளாஸ்ட் (செல்லுக்குள்ள பச்சையம் இருக்கற பசுங்கணிகம்) ஜீனை ஏறக்குறைய 500 தாவரங்கள்ல ஒப்பிட்டாங்க, அஞ்சே வருஷத்துல, 1998ல, பூக்கும் தாவரங்களை டிஎன்ஏவை வச்சுப் பிரிக்கற ஏபிஜி வகைப்பாடே வந்துருச்சு.

பழையஏடு:
அந்த "ஒரே ஜீன்"ல தாங்க எனக்கு பயம். குளோரோபிளாஸ்ட் பெரும்பாலும் தாய் வழியா மட்டும் வருது, ரெண்டு இனம் கலந்தா அது பாதிக் கதைதான் சொல்லும். ரஃப்ளீசியாவை எடுத்துக்கோங்க, இலை தண்டு எதுவும் இல்லாத ஒட்டுண்ணி, அதோட ஒரு மைட்டோகாண்ட்ரியா ஜீனை வச்சுப் பாத்தா திராட்சைக் குடும்பத்துல போய் நிக்குது, ஏன்னா அது ஒட்டி வாழுற கொடி அந்தக் குடும்பம், ஜீனே அங்கிருந்து தாவி வந்திருக்கு!

இலைநரம்பு:
நடுவுல வரேன், மன்னிக்கணும். அந்தத் தாவலைக் கண்டுபிடிச்சதும் மத்த ஜீன்கள்தான். அதெல்லாம் ஆமணக்குக் குடும்பத்துப் பக்கம் கை காட்டுச்சு, அதனாலதான் இது இரவல்னே தெரிஞ்சுது. 2024ல வந்த உறவு மரத்துல (யாருக்கு யார் சொந்தம்னு காட்டுற கிளைப் படம்) உட்கருவிலிருந்து 353 ஜீன், 9,500க்கும் மேல இனங்கள், தாள்ல ஒட்டி வச்ச பழைய உலர் செடி மாதிரிகள்ல இருந்துகூட எடுத்திருக்காங்க. ஒரு ஜீன் பொய் சொன்னா மத்தது காட்டிக் கொடுக்கும்.

பழையஏடு:
எல்லா இடத்துலயும் காட்டாது. கொஞ்ச காலத்துக்குள்ள கிளைகள் மடமடன்னு பிரிஞ்ச இடத்துல ஜீனுக்கு ஜீன் வேற மரம் வருது, 353 இருந்தாலும் அங்க சண்டை தீரல. இன்னொண்ணு, நீங்க சொன்ன உலர் மாதிரி, அந்தத் தாள்ல இருக்கற பேரை எழுதினது யாரு? பூவைப் பிரிச்சு எண்ணினவர்தானே. அவர் பேரைத் தப்பா எழுதியிருந்தா உங்க வரிசையும் தப்பான பேர்லதான் மரத்துல ஏறும்.

வேர்தேடி:
இது நான் யோசிக்காத விஷயம். மகரந்தத்தாள் எண்ண வேணாம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா தாமரை விஷயத்துல மாற மாட்டேன்.