மறு: கைதிகள் பரிமாற்றமா, சிறைமாற்றமா?

நண்பர்களே, வணக்கம்.

அயல்நாட்டில் தண்டிக்கப்பட்டவரை மீதித் தண்டனைக்காகச் சொந்த நாட்டுச் சிறைக்கு அனுப்புவதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கைதிகள் பரிமாற்றம், நாடுகடத்தல், தாயகம் திரும்பல், நாடுகடந்த சிறைமாற்றம். நேற்று இரவு நான்கையும் ஒரு தாளில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். அயல்நாட்டுச் சிறையில் இருப்பவர் கையெழுத்துப் போடும் இசைவுப் படிவம்தான் அந்தத் தாள். நாம் தேடும் சொல் கடைசியில் போய் நிற்கப்போவது அங்கேதான்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேறொரு நாட்டில் தண்டிக்கப்படுகிறார். அங்கே மொழி புரியாது, பார்க்க வர ஆளும் கிடையாது. மீதித் தண்டனையை அவர் தன் நாட்டுச் சிறையில் கழிக்க இரண்டு நாடுகளும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. இதற்காக ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பிய அவை (Council of Europe) ஓர் உடன்படிக்கை உருவாக்கியது. 1983 மார்ச் 21 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1985இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அமெரிக்கா, கனடா, ஜப்பான், இந்தியா போன்ற நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது தண்டனை மிச்சம் இருக்க வேண்டும், அந்தச் செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும், இரு அரசுகளும் ஒப்ப வேண்டும். இவற்றோடு, கைதியும் சம்மதிக்க வேண்டும். தானாக முன்வந்து, சட்ட விளைவுகளை முழுதாக அறிந்து தரும் சம்மதமாக அது இருக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவு சொல்கிறது.

முழுதாக அறிவது என்றால் அவருக்குத் தெரிந்த மொழியில் அறிவதுதானே? அதனால் சொல்லில் பிசகினால் சம்மதமே பிசகிவிடும்.

'கைதிகள் பரிமாற்றம்' என்றதும் 1962இல் பெர்லின் அருகே கிளீனிக்கே பாலத்தில் சோவியத் உளவாளி ஏபெலும் அமெரிக்க உளவு விமானி பவர்ஸும் கைமாறியதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆளுக்கு ஆள் கணக்கு, அதோடு விடுதலை. நம் படிவத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை, விடுதலையும் இல்லை. 'நாடுகடத்தல்' இன்னும் மோசம். துரத்தப்படுகிறோம் என்று நினைத்துப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

'தாயகம் திரும்பல்' பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. கேட்க இதமான சொல், ஆனால் சிறையை மறைத்துவிடுகிறது. வீட்டுக்குப் போகிறோம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர், விமானம் இறங்கியதும் மறுபடி ஒரு சிறைக் கதவுக்குள் நுழைய நேர்ந்தால் அது துரோகம்தான். தாயகம் என்ற சொல் நம்மில் பலருக்கு வேறு கனமும் உடையது. ஒருவருடைய மனத்தில் இருக்கும் தாயகமும் அவருடைய கடவுச்சீட்டைத் தந்த நாடும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. உடன்படிக்கை பார்ப்பது குடியுரிமையை.

'நாடுகடந்த சிறைமாற்றம்' கிட்டத்தட்டச் சரி. ஆனால் 2015 முதல் 2018 வரை நார்வே தன் கைதிகளை அடைக்க நெதர்லாந்தின் நோர்கெர்ஹாவன் சிறையை வாடகைக்கு எடுத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். கட்டடமும் காவலர்களும் நெதர்லாந்துடையவை, சிறைத் தலைவர் நார்வேயிலிருந்து வந்தவர், தண்டனை நடந்தது நார்வே சட்டப்படி. பெல்ஜியமும் 2010இலிருந்து 2016 வரை நெதர்லாந்தின் தில்பர்க்கில் இப்படிச் செய்தது. இவையும் நாடு கடந்த சிறைமாற்றங்கள்தாமே! நம் விஷயத்தில் கைதியோடு தண்டனையின் பொறுப்பும் அடுத்த நாட்டுக்குப் போகிறது, அதுவும் சொந்த நாட்டுக்கு.

ஆகவே என் பரிந்துரை: சொந்தநாட்டுச் சிறைமாற்றம். எங்கே போகிறார் என்பதும் எதற்குள் போகிறார் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லைப் பலர் படிக்கப்போவதில்லை, மொழிபெயர்ப்பாளர் வாசிக்கக் கேட்கப்போகிறார்கள். ஒருமுறை காதில் விழுந்ததும் புரிய வேண்டும்.

கூடவே இரண்டு துணைச் சொற்கள்: தண்டித்த நாடு, ஏற்கும் நாடு. இவை தெளிவாக இருந்தால் விளைவுகளைச் சொல்வது எளிது. சிறைமாற்றத்துக்குப் பின் தண்டனை நடப்பது ஏற்கும் நாட்டின் சட்டப்படி. தீர்ப்பையே மறுஆய்வு செய்யும் உரிமை தண்டித்த நாட்டுக்கு மட்டும். இந்த இரண்டு வரிகளும் படிவத்தில் தமிழில் நேராக நின்றால் எனக்கு நிம்மதி.

அப்புறம் ஒரு சிக்கல் பாக்கி. ஏற்கும் நாடு பழைய தண்டனையை அப்படியே தொடரலாம். அதைத் 'தண்டனைத் தொடர்ச்சி' என்றே சொல்லலாம். அல்லது தன் சட்டப்படி வேறு தண்டனையாக மாற்றலாம். அப்படி மாற்றும்போது கடுமையைக் கூட்டக் கூடாது, சிறைத் தண்டனையை அபராதமாக்கக் கூடாது, ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களை முழுதாகக் கழிக்க வேண்டும். இந்த இரண்டாவது வழிக்குத் 'தண்டனை மாற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்பவர் காதில் அது தண்டனைக் குறைப்பு என்று விழுந்துவிடும். குறையலாம், ஆனால் குறையும் என்ற உறுதி இல்லை. 'நிகர் தண்டனை' என்று போட்டுப் பார்த்தேன், நிகர லாபம் போலக் கழிவு போக மீதி என்று தொனிக்கிறது. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். எந்தச் சொல்லையும் அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.