காஷ்மீர் கிரேட் லேக்ஸ், செப்டம்பர்: ஃபோம் மேட்டா ஏர் பேடா?

நெல்லை_நடையன்
செப்டம்பர் நடுவுல காஷ்மீர் கிரேட் லேக்ஸ் மலையேற்றம் போறோம், சோனமார்க்ல ஏறி நாரானாக்ல இறங்குற வழி. உள்ளூர் கைடு ஒருத்தர் வர்றார், மத்தபடி சுமை எல்லாம் நம்ம முதுகுலதான். டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கியாச்சு, அடியில விரிக்கிற ஸ்லீப்பிங் பேட்தான் முடிவாகல. தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் மாதிரி மடிக்கிற ஃபோமா, நியோஏர் எக்ஸ்லைட் மாதிரி காத்தடிக்கிறதா? வெயிட் கம்மியா இருக்கணும். நான் ஒருக்களிச்சுப் படுக்குற ஆளு.

கரட்டுமேடு
யோசிக்கவே வேணாம் நண்பா, ஃபோம் வாங்குங்க. கல்லு குத்தினாலும் முள்ளு குத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணி பட்டாலும் உள்ள இழுக்காது, கேம்ப் போய் சேர்ந்து மூச்சு வாங்கிட்டு நிக்கிறப்ப உதறிப் போட்டா படுக்கை ரெடி, மத்தியானம் பாறைமேல போட்டு சாப்பிடவும் ஆச்சு. பேக்குக்கு வெளியவே கட்டிக்கலாம், உள்ள இடமும் மிச்சம்.

பனிக்கூதல்
கரட்டுமேடு அண்ணா, அவர் கேட்டது வெயிட். இசட் லைட் சோல் ரெகுலர் சைஸ் 410 கிராம், எக்ஸ்லைட் என்எக்ஸ்டி ரெகுலர் 370 கிராம். ஃபோம்னா லேசுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லியே பழகிட்டோம், தராசுல வச்சா அப்படி இல்ல. ஆனா சூட்டுல எவ்வளவு வித்தியாசம் பாருங்க: ஆர்-வேல்யூ, அதாவது தரைக்குப் போற சூட்டை பேட் எவ்வளவு தடுக்குதுங்கிற நம்பர், ஃபோமுக்கு 2.0, எக்ஸ்லைட்டுக்கு 4.5. வழியில வர்ற விஷன்சர், கங்காபல் ஏரி எல்லாம் 3,500 மீட்டருக்கு மேல, செப்டம்பர் ராத்திரி ஜீரோவை ஒட்டி இறங்கும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதுக்குள்ள முதுகுக்குக் கீழ இருக்கிற இறகு நம்ம பாரத்துல நசுங்கிடும், நசுங்கின இறகு குளிரைத் தடுக்காது. தரைக்குப் போற சூட்டை நிறுத்துறது பேட்தான்.

கரட்டுமேடு
சரி தங்கச்சி, ராத்திரி ஒரு மணிக்கு அந்த 4.5-ல ஓட்டை விழுந்தா என்ன ஆகும்? ஜீரோ. வெறுந்தரையில படுத்த மாதிரிதான். பசை அந்தக் குளிர்ல சீக்கிரம் ஒட்டவும் ஒட்டாது. என் ஃபோம்ல 2.0 எப்பவும் 2.0தான். அதோட அந்த நம்பரையே எப்படி நம்புறது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து போடுறான்.

பனிக்கூதல்
அது பழைய கதை. 2018-ல ஏஎஸ்டிஎம் எஃப்3340-ன்னு ஒரே டெஸ்ட் முறை வந்தாச்சு, பெரிய கம்பெனிங்க பலதும் இப்ப அதுலதான் அளக்குறாங்க. மேல சூடான தட்டும் கீழ குளிர்ந்த தட்டும் வச்சு நடுவுல பேடை அழுத்தி, சூட்டை நிலையா வைக்க எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாக்குறது. அந்த நம்பர் இல்லாத பேடை நான் வாங்க மாட்டேன். பஞ்சர் பயம் நியாயம்தான், அதுக்குத்தான் டென்ட் போடுறதுக்கு முன்னாடி தரையைக் கையால தடவிப் பாக்கணும்.

கடையம்_செல்வி
ஒருக்களிச்சுப் படுக்குறவங்க யாரும் இதப் பேசலையே. ஃபோம் 2 செ.மீ. கனம், இடுப்பெலும்பும் தோளும் தரையைத் தொட்ட மாதிரியே இருக்கும், விடியுறதுக்குள்ள பத்து தடவை புரளணும். எக்ஸ்லைட் 7.6 செ.மீ., அதுல இடுப்பு அமுங்கிக்கும். மறுநாள் கட்சர் கணவாய் 4,200 மீட்டர் ஏறணும், தூங்காம எப்படி ஏறுவீங்க தம்பி? இன்னொண்ணு, சாயங்காலம் கல்லு மாதிரி ஊதினது நடுராத்திரி தொளதொளன்னு இருந்தா பஞ்சர்னு பயப்படாதீங்க, குளிர்ல உள்ள இருக்கிற காத்து சுருங்கும், ரெண்டு மூச்சு ஊதினா சரியாயிடும். பகல்ல டென்ட்டுக்குள்ள வெயில் ஏறுறப்ப வால்வைத் திறந்து வச்சிருங்க, இல்லன்னா காத்து விரிஞ்சு உள் ஒட்டு விட்டுப்போகும். வாயால ஊதாம பம்ப் சாக், அதாவது காத்தைப் பிடிச்சு பேடுக்குள்ள தள்ளுற பை, வச்சு ஊதுங்க, நம்ம மூச்சு ஈரம் உள்ள போகாது, அந்த உயரத்துல தலையும் சுத்தாது.

கரட்டுமேடு
பாருங்க எத்தனை கவனிப்பு வேணும்னு! தடவு, ஊது, திற, மூடு. அதுக்கு மேல ஏறக்குறைய 200 டாலர் விலை. களைச்சுப் போய் வர்ற ஆளு இதெல்லாம் செய்வானா? முதல் தடவை போறவங்களுக்கு ஃபோம்தான்னு நான் சொல்றது அதனாலதான். மல்லாக்கப் படுத்துப் பழகிக்கலாம்.

பனிக்கூதல்
படுக்குற பழக்கம் ஒரு வாரத்துல மாறாது அண்ணா. ரெண்டையும் சேர்த்து வைக்கிற வழியும் இருக்கு, ஆர்-வேல்யூவை அப்படியே கூட்டிக்கலாம், 4.5-க்குக் கீழ 2.0 போட்டா 6.5.

நெல்லை_நடையன்
ரெண்டும் தூக்கினா 780 கிராம் ஆகுதே. 3 மில்லிமீட்டர் மெல்லிசு ஃபோம் ஷீட்டை தோள்லருந்து இடுப்பு வரைக்கும் வெட்டி எக்ஸ்லைட்டுக்குக் கீழ போட்டா?

கரட்டுமேடு
அதுக்கு நானும் சம்மதம். முள்ளும் நேரா குத்தாது, காத்து போனாலும் முதுகுக்குக் கீழ ஏதோ ஒண்ணு இருக்கும். காலுக்குக் கீழ காலி முதுகுப் பையை விரிச்சுக்கங்க. பஞ்சர் கிட்டை மட்டும் டென்ட் பைக்குள்ள போடாதீங்க, இருட்டுல கை போட்டா கிடைக்கிற மாதிரி மேல் பாக்கெட்டுல வைங்க.