கோபால்ட் முலாம்: மின்னோட்டத்தை ஏற்றினால் படிக அமைப்பு மாறுமா?

அம்மாபேட்டை_ஆய்வு:
வணக்கம். சேலத்தில் ஆய்வு மாணவன். செம்புத் தகட்டில் கோபால்ட் படிய வைக்கிறேன். லிட்டருக்கு 84 கிராம் கோபால்ட் சல்பேட், 30 கிராம் போரிக் அமிலம், பி.எச். 4. பீக்கரில் 100 மில்லி கரைசல், பிளாட்டினம் ஆனோடு, 4 சதுர செ.மீ. தகடு, ஒரு மணி நேரம்.

சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியரில் எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) 41.7, 44.8, 47.6 டிகிரியில் உச்சம் காட்டியது, அதாவது எச்.சி.பி. (அறுகோண அடுக்கு). 50 மில்லிஆம்பியருக்கு ஏற்றியதும் 47.6 காணோம். 44.5 பக்கம் அகலமாக ஒன்று, 50.5-ல் ஒன்று. படிவு ஓரத்தில் உரிந்தும் வருகிறது. மின்னோட்டம் கூடினால் எஃப்.சி.சி. (கனசதுர அடுக்கு) என்று எழுதிவிடலாமா? அறை வெப்பநிலையில் அது எப்படி நிற்கிறது?

ஏற்காட்டு_மின்வேதி:
தம்பி, இப்போதைக்கு எழுதாதீங்க. காரைக்குடியில் மின்வேதியியல் படித்துவிட்டு மலையேறி மிளகு பார்க்கிற ஆள் நான். ஆனாலும் பிளாட்டினம் ஆனோடு, 100 மில்லி என்று படித்ததும் கை துறுதுறுக்கிறது.

பிளாட்டினம் கரையாது. அங்கே தண்ணீர்தான் உடையும். ஆக்சிஜன் போகும், அமிலம் தங்கும். உங்கள் இரண்டாம் தகட்டில் 4 சதுர செ.மீ.க்கு மொத்தம் 200 மில்லிஆம்பியர், ஒரு மணி நேரத்துக்கு 720 கூலும் மின்னூட்டம். 100 மில்லியில் அது கிட்டத்தட்ட 0.07 மோலார் அமிலம். சல்பேட் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், இருந்தாலும் பி.எச். 2 பக்கம் வந்துவிடும். போரிக் அமிலம் காப்பாற்றாது, அதன் பி.கே.ஏ. (எந்த பி.எச். பக்கம் அது மாற்றத்தைத் தாங்கும் என்ற எண்) 9.2. முதல் தகட்டில் இதில் ஐந்தில் ஒரு பங்கு அமிலம்தான். ஆக நீங்கள் மாற்றியது ஒன்றல்ல, இரண்டு.

பி.எச். சின்ன விஷயமில்லை. 1980-இல் நகஹாரா, மகாஜன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது இதைத்தான்: அமிலம் கூடிய கரைசலில் எஃப்.சி.சி. வருகிறது, பி.எச். உயர்ந்தால் எச்.சி.பி. கோபால்டோடு ஹைட்ரஜனும் உள்ளே போய், பிறகு வெளியேறும்போது எஃப்.சி.சி. அடுக்கை விட்டுச் செல்கிறது என்பது பரவலான விளக்கம். அந்த அமைப்பு ஏறக்குறைய 420 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நிலையானது. ஆனால் இரண்டுக்கும் ஆற்றல் வித்தியாசம் மிகக் குறைவு. அறை வெப்பநிலையில் அணுக்கள் திரும்ப அடுக்கிக்கொள்ள வழியில்லாமல் அப்படியே நின்றுவிடும். மின்னோட்ட அடர்த்தியும் எஃப்.சி.சி. பக்கம் தள்ளும், அதை மறுக்கவில்லை. எது எவ்வளவு என்று உங்கள் சோதனை சொல்லாது.

அப்புறம் எக்ஸ்.ஆர்.டி. எஃப்.சி.சி.க்குத் தனி அடையாளம் 51.5. உங்களுடைய 50.5 எனக்குச் செம்பு மாதிரி தெரிகிறது, அதன் உச்சம் 50.4. 60 மைக்ரான் படிவுக்கு அடியில் செம்பு தெரியக்கூடாதுதான். உரிந்த ஓரத்தில் எட்டிப் பார்க்குமே! 43.3-லும் உச்சம் இருக்கிறதா பாருங்க. 47.6 மறைந்ததும் சாட்சியில்லை. படிகங்கள் எல்லாம் சி அச்சு (அறுகோணத்தின் நீள அச்சு) தகட்டுக்குச் செங்குத்தாக நிமிர்ந்து வளர்ந்தால், சுத்த எச்.சி.பி.யிலும் 44.8 மட்டுமே மிஞ்சும்.

செவ்வாய்பேட்டை_பட்டறை:
கொலுசுக்கு வெள்ளி முலாம் போடும்போது வெள்ளித் தகட்டையேதான் ஆனோடாகத் தொங்கவிடுவோம். போன உலோகம் திரும்பி வரும், தொட்டி கெடாது. கோபால்ட் தகடு வாங்கிப் போடுங்க தம்பி.

அம்மாபேட்டை_ஆய்வு:
நன்றி அண்ணா. சார், ஓட்டி முடித்த கரைசலை அளந்தேன், பி.எச். 2.0. 43.3-லும் உச்சம் இருக்கிறது. கோபால்ட் தகடு வர நாளாகும். அதுவரை என்ன செய்யலாம்?

ஏற்காட்டு_மின்வேதி:
கரைசலை ஒரு லிட்டராக்குங்க. 10 மில்லிஆம்பியருக்கு ஒரு மணி நேரம், 50-க்கு 12 நிமிடம் ஓட்டினால் தடிமன் இரண்டிலும் 12 மைக்ரான் பக்கம். நடுவில் பி.எச். பார்த்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைக் கலக்கிக்கொண்டே துளித்துளியாக விடுங்க. வேகமாக விட்டால் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகிக் கரைசல் கலங்கிவிடும். மின்னோட்டத்தை மாற்றாமல் பி.எச். 2-லும் 4-லும் தனியாக ஒரு ஜோடி போடுங்க. எக்ஸ்.ஆர்.டி.க்கு எக்ஸ் கதிர் தருவது செம்புக் குழாய்தான் என்றால் கோபால்ட் ஒளிர்ந்து பின்னணி ஏறிவிடும், 51.5-ல் சின்ன உச்சம் இருந்தால் அதில் மூழ்கிப்போகும். கோபால்ட் குழாய் இருக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்க. அதில் கோணங்கள் எல்லாம் வேறாக வரும், செம்புக் குழாயின் எண்களோடு ஒப்பிட்டுவிடாதீங்க.