காரணம் தெரியாத படபடப்பு: உங்களுக்கு எப்போது வந்தது?

மாம்பலத்துவாசி:
தாம்பரத்தில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தேன். கிண்டி தாண்டியதும் தொடங்கியது. எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உதடு மரத்தது. அதோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிக்கொண்டன, நீட்ட முடியவில்லை. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "சர்க்கரையா தம்பி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு கடலைமிட்டாயைப் பிரித்து என் வாயில் வைத்தார். பிறகு பூவை ஆய்கிற அதே வேகத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினார். சைதாப்பேட்டையில் இறங்கி நேராக மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்றால் என் விரல்களை மடக்கியது எது?

மதுரைக்காரி:
எனக்கு ரயில் வேண்டாம், கேஸ் சிலிண்டர் போதும். ரெகுலேட்டரை மூடினேனா என்ற சந்தேகம், மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் வரும். இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடியிருக்கிறேன், மூடித்தான் இருந்தது. அதற்குப் பிறகு புறப்படுமுன் ரெகுலேட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன். ஒருநாள் பஸ்ஸில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இது இன்று எடுத்ததா, போன வாரம் எடுத்ததா என்று புதிதாக ஒரு பயம் முளைத்தது. பக்கத்தில் இருந்த மகள் போனை வாங்கி, "தேதி போட்டிருக்கிறது அம்மா" என்று காட்டினாள். எட்டு வயது அவளுக்கு. அவள் முகத்தில் இருந்த அலுப்பைத்தான் மறக்க முடியவில்லை.

நலம்விரும்பி:
எனக்கும் ஒருமுறை மேடையில் பேசும்போது வந்தது, போய்விட்டது. மாம்பலத்துவாசி தம்பிக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். முதலில் காபியை நிறுத்துங்கள். மாலை 4 மணிக்குக் குடித்த காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி, இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதீர்கள். பையில் எப்போதும் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். காலையில் அரை மணி நேரம் நடங்கள், செருப்பில்லாமல் நடந்தால் இன்னும் நல்லது. செய்தித் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். படபடப்பு வந்தால் ஒரு காகிதப் பையை வாயில் வைத்து அதற்குள்ளேயே மூச்சு விடுங்கள், உடனே நிற்கும். இதற்கெல்லாம் மாத்திரை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மதுரைக்காரி சகோதரிக்கு: இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிடுங்கள், தொல்லை விட்டது.

மதுரைக்காரி:
அதற்கு சுவிட்ச் இருக்கிறதே ஐயா.

இரவுப்பணி செவிலி:
காகிதப் பை வேண்டவே வேண்டாம். உண்மையிலேயே மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் பை ஆபத்தில் கொண்டுபோய் விடும். பிராணவாயு குறைந்துவிடும் என்பதால் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. மாத்திரை விஷயமும் அப்படித்தான். சிலருக்குத் தேவைப்படும். ஆனால் தூக்கம் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததை விழுங்கக் கூடாது, அந்த வகையில் சில மாத்திரைகள் பழகிவிடும்.

மாம்பலத்துவாசி, உங்கள் விரல்களுக்கு வருகிறேன். பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, நமக்கே தெரியாமல் மூச்சு வேகமாகிறது. கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்கு வேண்டிய கால்சியம் சற்றுக் குறைகிறது. உதடு மரப்பதும் விரல் மடங்குவதும் அதனால்தான். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுவதுதான் உதவும். முதல்முறை நெஞ்சு படபடத்தால் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே சரி. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

என் அனுபவம் ஒன்று. நள்ளிரவு தாண்டி ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள், மறுநாள் நேர்முகத் தேர்வாம். அவனுடைய அம்மா எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டே, "மூச்சை இழு, நன்றாக இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல அவனுக்குக் கூடிக்கொண்டே போனது. அந்த அம்மாவைத் தண்ணீர் வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். அவர் திரும்பி வருவதற்குள் பாதி அடங்கிவிட்டது.

நலம்விரும்பி:
எங்கள் காலத்தில் டாக்டர்களே காகிதப் பை கொடுத்தார்கள். வாழைப்பழமாவது சரிதானே?

இரவுப்பணி செவிலி:
சாப்பிடுங்கள். மதுரைக்காரி அக்கா, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதே சந்தேகத்துக்குத் தீனி போடும். ஒருமுறை மூடிவிட்டு, "மூடிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் பாருங்கள், படம் வேண்டாம். முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, 2022-இல் தொடங்கியது. இரவும் பகலும் இருக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

துபாய்த் தமிழன்:
இங்கே இரவு ஒன்பதரை என்றால் ஊரில் பதினொன்று. அந்த நேரத்தில் அப்பாவின் எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றது. திருப்பிக் கூப்பிட்டால் வேறு அழைப்பில் இருக்கிறாராம். மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் அதே குரல். டிக்கெட் விலையைத் தேடத் தொடங்கிவிட்டேன். கடைசியில்தான் புரிந்தது, அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். விஷயம் என்னவென்றால், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது எப்படி என்று தெரிய வேண்டுமாம். அன்றிலிருந்து, இரவில் கூப்பிடுவதானால் முதலில் "எல்லோரும் நலம்" என்று செய்தி அனுப்பிவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அந்தச் செய்தி மட்டும் வந்தது. அழைப்பு வரவில்லை. எதற்காக நலம் என்கிறார் என்று விடிய விடிய விழித்திருந்தேன்.

நலம்விரும்பி:
இரவில் போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள் தம்பி.

துபாய்த் தமிழன்:
அப்பாவுக்கு எழுபத்தாறு வயது ஐயா. எப்படிப் போடுவது?