பெரியப்பாவின் பழைய கம்ப்யூட்டரும் இரண்டு புது டிஸ்க்கும்

முரளி பெரியப்பா: கார்த்தி, கல்யாண கேசட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் அல்லவா, அதற்கு 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கிவிட்டேன். ஆனால் மதர்போர்டில் டிஸ்க் கேபிள் சொருகும் நான்கு சாட்டா போர்ட்டிலும் ஆள் இருக்கிறது, மூன்று டிஸ்க், ஒரு டிவிடி. ரிச்சி தெருவில் சாட்டா கார்டு கிடைக்குமா? கார்டு சொருகும் பிசிஐ ஸ்லாட் இரண்டு காலி.

கார்த்தி: அந்த ஜி31 போர்டுதானே பெரியப்பா? பிசிஐ வேண்டாம். அந்த வழிக்கு மொத்தமே விநாடிக்கு 133 எம்பிதான், அதையும் இரண்டு டிஸ்க் பங்கு போட வேண்டும். பக்கத்தில் குட்டியாக ஒரு ஸ்லாட் இருக்கும் பாருங்கள், பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1, அதில் 250 எம்பி வரை போகும். ஏஎஸ்எம்1061 சிப் போட்ட கார்டு என்று கேளுங்கள், இரண்டு போர்ட் இருக்கும். விண்டோஸ் டிஸ்க்கை மட்டும் கார்டுக்கு மாற்றாதீர்கள், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அந்தப் பழைய பயாஸ் புரோகிராம் கார்டிலிருந்து விண்டோஸை பூட் செய்யும் என்று நம்ப முடியாது.

உமா: புது டிஸ்க்கை வெளியே யூஎஸ்பி பெட்டியில் போட்டால் என்ன அண்ணா?

கார்த்தி: அதில் யூஎஸ்பி 2 உமா, 35 எம்பி வந்தாலே பெரிது. 4 டிபி நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

ராதா அத்தை: என் கல்யாண கேசட் முடிந்ததா அண்ணா?

முரளி பெரியப்பா: முகூர்த்தம் வரை வந்திருக்கிறது. கார்த்தி, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் சாட்டா பவர் வயர் போதவில்லை, பழைய நான்கு பின் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் வாங்கலாமா?

கார்த்தி: வாங்கலாம், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய கனெக்டர் வேண்டவே வேண்டாம், உள்ளே வயர் ஒன்றோடொன்று பட்டுத் தீப்பிடித்திருக்கிறது. பின்பக்க மூடி கழன்று வருகிற மாதிரி இருப்பது பரவாயில்லை. அதைவிட எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம், சுழல ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்தும் ஒரே நேரத்தில் எழுந்தால் 10. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ், வயதும் ஆகிவிட்டது.

உமா: பழைய மூன்று டிஸ்க்கும் எவ்வளவு பெரியப்பா?

முரளி பெரியப்பா: 80, 160, 500 ஜிபி. விண்டோஸ் 500இல்.

கார்த்தி: அட, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். 80உம் 160உம் சேர்ந்தாலே 240தான் பெரியப்பா! டிவிடி கேபிளைக் கழற்றிப் புது டிஸ்க்கில் சொருகுங்கள், பழைய இரண்டில் இருப்பதையும் அதில் காப்பி செய்து, திறந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். பிறகு 500, 4 டிபி இரண்டு, டிவிடி, நான்கு போர்ட்டும் சரியாகிவிடும். கார்டும் வேண்டாம், வயரும் வேண்டாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது டிஸ்க்கை எந்த முறையில் பிரிப்பது என்று கேட்கும்போது ஜிபிடி கொடுங்கள், பழைய முறையான எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் பயன்படாது. விண்டோஸ் 7தானே, ஜிபிடி படிக்கும்.

முரளி பெரியப்பா: சரிடா. 80ஐ எடைக்குப் போட்டுவிடவா?

ராதா அத்தை: அண்ணா, என் வீடியோவை அதில் போட்டு எனக்கே கொடுத்துவிடுங்கள்.

கார்த்தி: அத்தை, அதற்குப் பென்டிரைவ் போதும்.