பழைய ஸ்கைலிஃப்ட் வண்டியா, புதியதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஈரோடு பக்கம் தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்த வேலை செய்கிறோம். இதுவரை ஸ்கைலிஃப்ட் வண்டி (ஆளைக் கூடையில் நிறுத்தி உயரே தூக்கும் வண்டி) வாடகைக்குத்தான். இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம்.

டாடா 407 லாரி மேல் பூம் (கூடையைத் தூக்கும் நீண்ட கை) ஏற்றிய பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஞ்சினில் குறையில்லை, என் பயமெல்லாம் மேலே உள்ளதைப் பற்றித்தான். பூமைத் தூக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் மெல்ல இறங்குகிறது. "சீல் மாற்றினால் போதும்" என்கிறார் விற்பவர். உண்மையில் சீல்தானா, பூமைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரே தேய்ந்துவிட்டதா, எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்து பூமை நிறுத்தும் ஹோல்டிங் வால்வா? எப்படிக் கண்டுபிடிப்பது? வெல்டிங் மூட்டுகளில் மட்டும் புது பெயின்ட் அடித்திருப்பதும் உறுத்துகிறது. கூடைக்குள் நிற்கப்போவது நம் பையன்கள் அல்லவா?

வண்டிக்கு 8 வயது தாண்டிவிட்டதால் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். புதியது என்றால் கடன்தான். பில் பணம் தாமதமானாலும் தவணைத் தேதி தள்ளிப்போகாதே!

பூம், வெல்டிங் விரிசல் ஆகியவற்றைச் சோதித்துத் தரும் ஆட்கள் ஈரோடு, கோவைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். பழையதை வாங்கி ஓட்டுபவர்கள், முதல் ஆண்டில் பூமுக்கு மட்டும் எவ்வளவு செலவானது என்று எழுதினால் பெரிய உதவி.